குறைந்த பட்ஜெட்டில் எடுக்கும் க்ரைம் த்ரில்லர்களின் பலம் என்ன, பலவீனம் என்ன?

கேள்வியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கையில் ஒரு கதை வைத்திருக்கிறீர்கள். சும்மா படம் பார்க்கிறவர் பலம், பலவீனம் என்று பிரித்துக் கேட்க மாட்டார். நண்பர் ஒருவர் மிரர்லெஸ் கேமரா தருவதாகச் சொல்லியிருப்பார், மாமா வீட்டு மாடி காலியாக இருக்கும், கதையில் ஒரு பிணம், ஒரு இன்ஸ்பெக்டர், சந்தேகப்பட இரண்டு பேர், கடைசியில் ஒரு ட்விஸ்ட். சரிதானே? இல்லையென்றாலும் அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதப்போகிறேன்.

நான் சவுண்ட் எடிட்டர். பெரிய படங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே கூட்டத்தில் ஒருவன். சின்னப் படம் என்றால் வசனத்தைச் சுத்தம் செய்வது, எஃபெக்ட்ஸ், சில சமயம் காலடிச் சத்தம் வரைக்கும் நான்தான். "சவுண்டுக்காரன் சவுண்டைப் பற்றித்தான் பேசுவான்" என்று இப்போதே யாரோ டைப் பண்ண ஆரம்பித்திருப்பார். ஆமாம், பேசத்தான் போகிறேன். கேமராமேன் யாராவது பதில் எழுதினால் லைட்டைப் பற்றி எழுதிக்கொள்ளட்டும்.

இந்த வகைப் படங்களில் காசில்லாதது முதலில் காதுக்குத்தான் தெரியும். படம் கொஞ்சம் இருட்டாக, புள்ளி புள்ளியாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், க்ரைம் கதைக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் கொலைகாரன் மிரட்டும்போது காலி ரூமில் பேசுகிற மாதிரி குரல் எதிரொலித்தால் முடிந்தது கதை. என்ன தப்பு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, "ஷார்ட் ஃபிலிம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துவிடுவார். அந்தப் பேச்சை நான் எத்தனையோ ப்ரிவியூ ஷோவில் கேட்டிருக்கிறேன், பாதிக்கு மேல் அது ஒலியைப் பற்றிய புகார்தான்.

பலமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கையில் பணம் இல்லாததால் குற்றத்தைக் காட்ட முடியாது, காட்ட முடியாததால் கேட்கவைக்க வேண்டும். 1992இல் வந்த 'ரிசர்வாயர் டாக்ஸ்' ஒரு நகைக்கொள்ளையைப் பற்றிய படம், ஆனால் படத்தில் கொள்ளையே கிடையாது. முன்னால் கொஞ்சம் பேச்சு, பின்னால் ஒரு கிடங்கில் ஆளாளுக்குக் கத்திக்கொள்வது, நடுவில் நடந்தது முழுக்க நம் தலைக்குள்தான். காதை அறுக்கிற அந்தப் பிரபலமான இடத்தில் கேமரா சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். ரேடியோவில் ஜாலியாக ஒரு பாட்டு ஓடும், அதன் மேல் அலறல். அவ்வளவுதான். பார்த்தவர்களில் பாதிப் பேர் அறுக்கிறதைக் கண்ணால் பார்த்ததாகவே சத்தியம் செய்வார்கள். கோயன் சகோதரர்களின் முதல் படம் 'பிளட் சிம்பிள்' (1984), சுமார் 15 லட்சம் டாலர் செலவு. படம் எடுப்பதற்கு முன்பே ஒரு ட்ரெய்லரை மட்டும் எடுத்து, அதைப் போட்டுக்காட்டித்தான் பணம் திரட்டினார்கள். அதில் சீலிங் ஃபேன் சுற்றுகிற சத்தம் ஒன்று போதும், வயிற்றைப் பிசையும். ஃபேனுக்கு என்ன செலவு?

இன்னும் கீழே போனால் 'எல் மரியாச்சி' (1992), 7,000 டாலர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி டைரக்டர் ராபர்ட் ரோட்ரிகஸ் மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. ஷூட்டிங்கில் படத்தோடு சேர்த்து ஒலியைப் பதிவு செய்ய வசதி இல்லை. ஷாட் முடிந்ததும் நடிகரை அதே வசனத்தை மறுபடி பேசவைத்து டேப் ரெக்கார்டரில் பிடித்து, பிறகு எடிட்டிங்கில் உதட்டோடு ஒட்டினார். எங்கே உதடு நழுவியதோ அங்கே சட்டென்று வேறு ஷாட்டுக்கு, ஒரு நாய்க்கோ இன்னொரு முகத்துக்கோ, வெட்டிவிட்டார். படத்தின் அந்த வேகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். வேகத்தில் பாதி, உதடு ஒட்டாததால் வந்தது! ஆனால் இதைச் சொல்லும்போது எல்லோரும் ஒன்றை விட்டுவிடுவார்கள். கொலம்பியா நிறுவனம் வாங்கிய பிறகு, தியேட்டரில் ஓட்டுவதற்கான பிரிண்ட், ஒலி இரண்டுக்கும் அந்த 7,000ஐப்போலப் பல மடங்கு செலவழித்தது. நீங்கள் தியேட்டரில் கேட்டிருக்கக்கூடியது 7,000 டாலர் ஒலி அல்ல. உங்கள் தயாரிப்பாளர் இந்தப் படத்தை உதாரணம் காட்டினால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

"எல்லாம் வெள்ளைக்காரன் படமா?" என்று கேட்பவர்களுக்கு: 2016 கடைசியில் வந்த 'துருவங்கள் பதினாறு' பார்த்திருப்பீர்கள். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் ஐந்து வருடத்துக்கு முந்தைய வழக்கை ஒரு இளைஞனிடம் சொல்கிறார், அந்த அதிகாரியாக நடித்த ரகுமானின் குரல்தான் படத்தை இழுத்துக்கொண்டு போகிறது. டைரக்டர் கார்த்திக் நரேனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். பாட்டு இல்லாமல் த்ரில்லர் எடுப்பதை ஏதோ புதுசாகப் பேசுகிறோம், 1954இலேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்துவிட்டார், பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. அது ஏவி.எம். படம், சுயாதீனம் கிடையாது, தெரியும், அதற்காகக் கமெண்டில் வராதீர்கள்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன க்ரைம் படம். ஆளைக் கடத்தி ஒரு ரூமில் அடைத்துவைத்துக் கேள்வி கேட்பதுதான் படத்தின் உயிர். ரூம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், வாடகை குறைவு என்று பிடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பட்டறை, அதில் பவர் பிரஸ். தகட்டை அடித்து வெட்டுகிற மெஷின், நாள் முழுக்க டம், டம், டம். "எப்படியும் டப்பிங்தானே" என்று யாரும் கவலைப்படவில்லை. ஸ்பாட்டில் எடுத்தது வெறும் பைலட் ட்ராக், டப்பிங் பேசும்போது வழி தெரிவதற்காக மட்டும்.

டப்பிங்கில்தான் சிக்கல் வந்தது. கடத்தல்காரனாக நடித்தவர் நாடகத்திலிருந்து வந்தவர், ஸ்பாட்டில் பிரமாதமாகச் செய்திருந்தார். எதிரில் கட்டிப்போட்ட ஆள், வியர்வை, பசி, அந்த மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது, எல்லாம் குரலில் இருந்தது. ஏ.சி. ரூமில் மைக் முன்னால் நின்று பேசியபோது வசனம் வந்தது, ஆள் வரவில்லை. டைரக்டர் சின்னப் பையன், முதல் படம். "அண்ணே, பைலட்டையே வச்சுக்கலாமா? எப்படியாவது காப்பாத்துங்கண்ணே" என்றார்.

ஏ.சி. ரீங்காரம் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை சாஃப்ட்வேரில் பெருமளவு எடுத்துவிடலாம். அடித்து அடித்து விழுகிற சத்தம் அப்படி இல்லை, வார்த்தை மேலேயே விழுந்திருந்தால் அதை எடுக்கும்போது வார்த்தையும் சேர்ந்து வந்துவிடும். அதைவிடப் பெரிய தலைவலி, ஷாட் மாறும்போதெல்லாம் அடி இடம் மாறும். சீராகப் போய்க்கொண்டிருக்கிற டம் டம், க்ளோஸப்புக்கு வெட்டியதும் இரட்டையாக விழும், அல்லது ஒரு அடி காணாமல் போகும். மூன்று நிமிட சீனில் எத்தனை கட் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்க முடியாது என்று தெரிந்தபின் அதையே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது ஒன்றுதான் வழி. நைட் ஷிஃப்ட்டில் ரெக்கார்டரோடு அந்தப் பட்டறைக்கே போனேன். ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னதும், என் தொழில் என்னவென்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், மெஷின் பக்கத்தில், கதவுக்கு வெளியே, காம்பவுண்டுக்கு அந்தப்புறம் என்று எல்லாத் தூரத்திலும் பதிவு செய்யவிட்டார், டீயும் வாங்கிக்கொடுத்தார். வந்து, சீன் முழுக்க ஒரே தாளத்தில் அந்தச் சுத்தமான அடியைப் போட்டேன், பழைய அடிகள் அதற்குள் போய் ஒளிந்துகொண்டன. ரொம்ப நசுங்கிய வார்த்தைகளை மட்டும், நடிகர் முதுகு காட்டி நிற்கும் இடமாகப் பார்த்து டப்பிங்கிலிருந்து ஒட்டினேன். பிறகு அந்தக் கேள்வி வருகிற இடம், "உன் பொண்ணு எந்த ஸ்கூலு?" என்று அவர் கேட்டு முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது நின்றதும்தான், அவ்வளவு நேரம் அது ஓடியதே காதுக்கு உறைக்கும். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் அந்த இடம் முதல்முறை ஓடியபோது பின்னால் உட்கார்ந்திருந்த மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மிக்சரை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

விமர்சனங்களில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "அந்த இடத்தில் இசையமைப்பாளர் மௌனத்தைப் பயன்படுத்திய விதம் அபாரம்." இசையமைப்பாளர் நல்ல மனிதர், அவரே எனக்கு போன் பண்ணிச் சிரித்தார். அந்த சீனுக்கு அவர் ஆர்.ஆரே, அதாவது பின்னணி இசையே, போடவில்லை. நான் பேருக்காக வேலை செய்கிறவன் இல்லை, ஆனால் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

தியேட்டர் கதை இன்னும் மோசம். நாங்கள் மிக்ஸ் செய்யும்போது டால்பி ப்ராசஸரில், அதாவது தியேட்டர் ஒலியைக் கட்டுப்படுத்தும் பெட்டியில், வால்யூம் 7இல் இருக்கும், அதுதான் முறையான அளவு. படம் பார்க்கப் போனால் பெரும்பாலும் 5, சில இடத்தில் அதற்கும் கீழே. பெரிய படங்களை அடித்து நொறுக்குகிற சத்தத்தில் மிக்ஸ் செய்து அனுப்புகிறார்கள், ஆடியன்ஸ் புகார் செய்கிறார்கள், தியேட்டர்காரர் குறைத்து வைக்கிறார், அடுத்து வருகிற சின்னப் படத்துக்கும் அதே அளவு. நான் முதல் நாள் போய்ப் பார்த்த இடத்தில் மெஷின் நின்ற அந்த மௌனத்தில், பக்கத்து ஸ்கிரீனில் ஓடிய மாஸ் படத்தின் குத்துப்பாட்டு சுவரைத் தாண்டி வந்தது. ஆபரேட்டரிடம் போய்க் கேட்டேன். "ஏத்துனா கம்ப்ளைண்ட் வருது சார்." ஏத்தச் சொல்ல அந்த ஷோவில் ஆளும் இல்லை, பகல் பதினொன்றரைக் காட்சி. திங்கட்கிழமை அதுவும் இல்லை.

மற்ற பலவீனங்களைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ட்விஸ்ட் மேல் ட்விஸ்ட். பணம் இல்லாததை மூளையால் ஈடுகட்டுகிறோம் என்று நிரூபிக்க மூன்றாவது, நான்காவது ட்விஸ்ட் வைப்பார்கள், அதற்குள் கொலை செய்தது யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்குப் பார்க்கிறவர் வந்துவிடுவார். அடுத்தது பெண்கள். இந்தப் படங்களில் பெண் என்றால் பிணம், அல்லது சுவரில் போட்டோ, அல்லது போனில் அழுகிற குரல். ஒரு நடிகை வந்து பேசிவிட்டுப் போகும் அந்த அழுகையை மாதாமாதம் எடிட் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சலித்துவிட்டது. அப்புறம் விசிட்டிங் கார்டு மனநிலை. பெரிய ஹீரோவிடம் போட்டுக்காட்ட ஒரு படம் வேண்டும் என்பதற்காகவே எடுப்பது. அப்படி எடுத்த படம் பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும், ஷாட் எல்லாம் "என்னைப் பார்" என்று நிற்கும்.

போலீஸ் ஸ்டேஷனும் ஒன்று. சின்னப் படத்து ஸ்டேஷனில் மூன்று பேர்தான் இருப்பார்கள், மேஜை காலியாக, சுவர் புது பெயின்ட்டாக. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்குப் பேட்டா கொடுக்க முடியாது, புரிகிறது. ஆனால் வயர்லெஸ்ஸில் ஓயாமல் ஒரு கரகரப்பு, உள்ரூமில் யாரோ கெஞ்சுவது, வாசலில் பைக் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் உதைபடுவது, இதைப் போட்டால் மூன்று பேர் ஸ்டேஷன் முப்பது பேர் ஸ்டேஷனாகிவிடும். இதற்கு ஒரு எடிட்டருக்கு இரண்டு நாள் வேலை. கேட்டால் "டைம் இல்லண்ணே, லைப்ரரியிலிருந்து ஏதாவது போடுங்க" என்பார்கள். அதனால்தான் தமிழ்ப்படத்து நாயெல்லாம் ஒரே குரலில் குரைக்கிறது.

லண்டனில் நோலன் 'ஃபாலோயிங்' எடுத்ததையும் சொல்லவேண்டும். 1998இல் வந்தது, சுமார் 6,000 டாலர், கறுப்பு வெள்ளை, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கிட்டத்தட்ட ஒரு வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் ஷூட்டிங். ஃபிலிமை மிச்சப்படுத்த நாடகம் மாதிரி முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஒத்திகைதான். ஒத்திகை பார்த்த நடிகர் ஸ்பாட்டிலேயே நன்றாகப் பேசுவார், அதைப் பதிவு செய்ய ஒரு நல்ல ரெக்கார்டிஸ்டும் அமைதியான ஒரு இடமும் இருந்தால் என்னைப் போன்றவனுக்கு வேலை குறையும், உங்களுக்குச் செலவு குறையும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை வேறெங்கும் சொல்ல இடமில்லை. சென்னையில் சினிமாவில் வேலை என்று சொன்னால் வீடு தரமாட்டார்கள். போன மாதம் ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் தொகை வரை பேசிவிட்டு, "என்ன வேலை தம்பி?" என்றார். சொன்னேன். "எங்க வீட்ல ஃபேமிலி இருக்குப்பா" என்றார். எனக்கும் குடும்பம்தான் இருக்கிறது, இரண்டாம் வகுப்பு படிக்கிற பையன் இருக்கிறான், ராத்திரி துப்பாக்கிச் சத்தம் எடிட் செய்வதுகூட ஹெட்போனில்தான். ஐ.டி. என்று சொல்லச் சொல்கிறாள் மனைவி. அடுத்த வீட்டில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று மட்டும். லொகேஷன் பார்க்கப் போகும்போது கேமராமேனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சவுண்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள், ஷூட்டிங் நேரத்திலேயே போங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் எந்தப் பட்டறையும் அமைதியாகத்தான் இருக்கும். அந்த ஆளுக்கு டீயோடு நிறுத்தாமல் சம்பளமும் கொடுங்கள்.

அது எந்தப் படம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "ரிலீஸுக்கு அப்புறம் தர்றோம்" என்ற பாக்கி இன்னும் வரவில்லை, பேரைச் சொன்னால் அது வரவே வராது.