கேசட்டிலிருந்து நேராக எம்பி4: எடுக்கலாமா?

கேள்வி: அப்பா எடுத்த பழைய விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். யூஎஸ்பி கருவியோடு வந்த மென்பொருள் ஓடும்போதே எம்பி4 ஆக்கித் தருகிறது. இடமும் மிச்சம், வேலையும் மிச்சம். நண்பரோ "முதலில் சுருக்காமல் எடு" என்கிறார். அவசியமா?

பதில்: போட்டுப் பார்ப்பதோடு சரி என்றால் நேராகவே எடுங்கள், குற்றமில்லை. வெட்டி ஒட்டவோ நிறத்தைச் சரிசெய்யவோ எண்ணமிருந்தால் நண்பர் பேச்சைக் கேளுங்கள். அதற்காகச் சுத்தமாகச் சுருக்காமல் எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி கொடுக்கவும் தேவையில்லை. ஹஃப்யுவ் (HuffYUV) மாதிரி, படத்தில் எதையும் இழக்காமல் சுருக்கும் இழப்பில்லாத முறை போதும். அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எம்பி4 பெரும்பாலும் முந்தைய ஃப்ரேமிலிருந்து (வீடியோவின் ஒரு தனிப்படம்) என்ன மாறியது என்பதைத்தான் எழுதி வைக்கிறது. விஎச்எஸ் படத்திலோ அசையாத சுவர்கூடப் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிது. அதை எழுதியே கோப்புக்கு ஒதுக்கிய பிட்டெல்லாம் (தரவு அளவு) தீர்ந்து, முகம் கட்டம் கட்டமாக உடையும். படத்தின் அடி விளிம்பைப் பாருங்கள்: சில கோடுகள் கோணலாக இழுபட்டுத் துடிக்கும். நாடாவைப் படிக்கும் வீடியோ ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடம் அது. பழைய தொலைக்காட்சியில் திரை ஓரத்துக்கு அப்பால் மறைந்து கிடந்தது; இப்போது அதுவும் பிட் கேட்கிறது. இழப்பில்லாக் கோப்பு கையில் இருந்தால் அந்த விளிம்பைக் கறுப்புப் பட்டையால் மூடி, இரைச்சலைக் கொஞ்சம் தணித்து, அப்புறம் நிதானமாகச் சுருக்கலாம். ஓடும்போதே சுருக்கும் மென்பொருளுக்கு அந்த அவகாசம் ஏது?

நேராகத்தான் எடுப்பேன் என்றால் ஒரு சோதனை. விஎச்எஸ் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒன்றுவிட்ட கோடுகளாலான இரண்டு ஃபீல்டாக, அடுத்தடுத்த கணங்களில் பதிக்கிறது; இதுதான் இன்டர்லேஸ். யாராவது கை வீசி நடக்கும் இடத்தில், பிளேயரின் டிஇன்டர்லேஸை (அந்த இரண்டையும் வழவழப்பாக்கிக் காட்டும் அமைப்பு) அணைத்துவிட்டு, படத்தை நிறுத்துங்கள். கையோரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் மகிழுங்கள். நொடிக்கு 50 ஃபீல்டும் பத்திரம். 25 ஃப்ரேம் கோப்பில் ஓரம் வழவழப்பாக இருந்தால் மென்பொருள் பாதி அசைவைத் தின்றிருக்கிறது. இந்தச் சின்னக் கருவிகளோடு வரும் மென்பொருள்கள் பல இதைச் சொல்லாமலே செய்யும். எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. அமைப்பில் எம்பெக்-2 (டிவிடியில் உள்ள சுருக்க முறை) இருந்தால் இன்டர்லேஸை விட்டுவைத்து, 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) கொடுங்கள். மணிக்கு 3.6 ஜிபிதான்.

எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றும் முன், நீளமான ஒரு கேசட்டை முழுதாக ஓட்டி எடுத்து, கடைசிப் பகுதியில் உதடும் குரலும் ஒன்றாகப் போகின்றனவா என்று பாருங்கள். எடுக்கும்போது ஃப்ரேம் நழுவி விடுபட்டிருந்தால் அங்கேதான் மாட்டும்.