ஷாக்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் போதுமா? வண்டியை உயர்த்துவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). இப்போது 245/75 ஆர்16 டயர் ஓடுகிறது. கரடுமுரடான பாதைகளில் அடி தட்டுகிறது. முன்பக்க ஷாக்குக்கு மேல் ஸ்பேசர், பின்னால் பட்டைக்கு அடியில் பிளாக் வைத்து 3 அங்குலம் ஏற்றி, 285/75 ஆர்16 டயர் மாட்டி அரை நாளில் தருவதாக ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். அதேபோல் ஏற்றிய நண்பரின் வண்டி வேகமெடுத்தால் நேராக நிற்காமல் அலைகிறது. என் வண்டியும் அப்படி ஆகுமா?

பதில்: ஆகும். அவர்கள் சொல்லும் முறையில் செய்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். ஆனால் உங்களுக்கு 3 அங்குலம் தேவையே இல்லை.

முதலில் எது தட்டுகிறது என்று பாருங்கள். பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் கிரவுன் வீடு (கியர் பெட்டி) தட்டினால், சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பலன் கிடையாது. ஆக்ஸில் சக்கரத்தோடு நிற்கிறது. லிஃப்ட் உயர்த்துவது சேஸிஸையும் பாடியையும்தான். ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடியதில் பாதி. உங்கள் டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. 265/75 ஆர்16 போட்டால் 804. ஆக்ஸில் 15 மி.மீ. உயரும். 285/75 போட்டால் 834, 30 மி.மீ. உயரும்.

அந்த 30 மி.மீட்டருக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ல் போகும். கியர் விகிதம் எட்டு சதவீதம் அளவுக்கு நீண்டுவிடுவதால், ஏற்றத்தில் முன்பு மூன்றாம் கியரில் இழுத்த இடத்தில் இரண்டுக்கு இறங்க வேண்டிவரும். டயரின் எடையும் கூடும். அதே பிரேக்தான் அதை நிறுத்த வேண்டும். பல பிக்கப்களில் 285 டயர், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கேபின் மவுண்டில் உரசும். அதை வெட்டி வெல்டு வைக்காமல் தீராது. 265/75-உம் 2 அங்குல லிஃப்ட்டும் உங்கள் தேவைக்குப் போதும். அதில் 80 என்பது 83 ஆகும், அவ்வளவே.

இப்போது ஸ்பேசர். முன் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைப்பவை மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற இரண்டு கைகள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேலே ஒன்றரை அங்குலக் கட்டை வைத்தாலே சக்கரத்தில் ஏறக்குறைய 3 அங்குலம் ஏறிவிடும். ஸ்பிரிங் அதேதான், ஷாக்கும் அதேதான். அவற்றைக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலேறினால், வழக்கமாக பம்ப் ஸ்டாப் ரப்பர்தான் முதலில் அடியை வாங்கும். ஸ்பேசர் வைத்த வண்டியில் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் பிஸ்டன் அடியில் போய் முட்டும். சில மாதங்களில் ஷாக் ஆயில் கக்கும்.

சக்கரம் தொங்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். கம்பெனி விதித்த எல்லையைத் தாண்டி ஆர்ம் கீழே இறங்குகிறது. மேல் ஆர்மின் முனையில் இருக்கும் குண்டு மூட்டு, அதாவது பால் ஜாயிண்ட், அதன் கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கை உரசும், டிரைவ் ஆக்ஸில் ஜாயிண்ட் தாங்காத கோணத்துக்கு வளையும். அந்த ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உட்பக்கம் தெறித்திருப்பதுதான் கண்ணில் படும் முதல் அடையாளம். நண்பர் வண்டியில் குனிந்து பாருங்கள், இருக்கலாம்.

ஸ்பேசரை ஓரிடத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளலாம். ஓட்டுநர் இருக்கும் பக்கத்திலேயே டீசல் டாங்க்கும் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். புது ஸ்பிரிங் போட்ட பிறகும் இந்தச் சாய்வு தெரியும். அதைச் சரிசெய்ய, சாயும் பக்கத்தில் மட்டும் 5 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள வளையம் வைப்பது முறையான வேலை. ஆனால் அளந்த பிறகே வைக்க வேண்டும். சமதளத் தரையில் நிறுத்தி, டாங்க் பாதி நிறைந்திருக்க, நான்கு டயரிலும் காற்று சரிபார்த்து, வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை அமர விட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் நுழைந்துவிடும். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் 10 மி.மீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். 15-20 இருந்தால் வளையம் வைக்கலாம். முதலில் பின்பக்கச் சாய்வைப் பாருங்கள். பின் பட்டை ஒன்று தளர்ந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும், அங்கே முன்னால் வளையம் வைப்பது தவறு. வளையம் வைத்தபின் மறுபடி அளக்க வேண்டும், அலைன்மெண்ட்டும் மறுபடி பார்க்க வேண்டும். இதைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்கும் ஸ்பேசர் வேண்டாம்.

பின்னால் பிளாக்கும் வேண்டாம். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை நுழைந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவத்தில் வளைக்கும். உயரம் கூடிய முழுப் பட்டை செட் வாங்குங்கள். முன்னால் நீளம் கூடிய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும். வாங்கும்போது வண்டியில் நிரந்தரமாக இருக்கும் எடையைச் சொல்லுங்கள்: இரும்பு பம்பர், வின்ச், பின்னால் எப்போதும் ஏற்றிவைத்திருக்கும் பெட்டி. எடையைக் கேட்காமல் ‘3 இஞ்ச் கிட்’ என்று பெட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். வெறும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் 2 அங்குலம் 3 ஆகிவிடும், உடம்பு குலுங்கும்.

மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு, வாடிக்கையாளர் அருகில் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. ஆர்ம்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டப்பட்டது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் பிழிந்த துணிபோல் நிரந்தரமாக முறுக்கியே இருக்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் எல்லா புஷ் போல்ட்டையும் கையளவு இறுக்கத்தில் விட்டு, சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, உருட்டிய பிறகே டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கு. அரை நாளில் தருகிறவர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கும் பின்பக்க யூ-போல்ட் புதிதாகவே இருக்க வேண்டும். ஒருமுறை நீண்ட போல்ட் மறுபடி பிடிப்பு தராது.

பிரேக்குக்கு வருவோம். நான்கு சக்கரமும் முழுதாகத் தொங்கும்போது, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் சேஸிஸில், பாரத்துக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் லோடு சென்சிங் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கம்பி அதை ஆக்ஸிலோடு இணைத்திருக்கும். வண்டி உயர்ந்ததும் அந்த வால்வு, பின்னால் பாரமில்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். முழு லோடு ஏற்றினாலும் முன் பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்கும். கம்பியின் பிராக்கெட்டை உயர்ந்த அளவுக்கு மாற்றிப் பொருத்தினால் தீரும் விஷயம். பல கிட்களில் அந்தப் பிராக்கெட் கிடையாது, அதைப் பற்றி ஒரு வரி குறிப்பும் கிடையாது.

நண்பர் வண்டி அலைவதற்குக் காரணம் காஸ்டர் கோணம். முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது; ஸ்டியரிங்கை விட்டால் தானாக நேருக்கு வருவது அதனால்தான். 2 அங்குலம் ஏற்றினாலே ஒரு டிகிரி அளவு போய்விடுவது சகஜம், 3 அங்குலத்தில் இன்னும் கூடுதல். கீழ் ஆர்மில் அதைத் திருப்பிக் கொண்டுவர இடமில்லை என்றால், மாற்று மேல் ஆர்ம் போட்டே ஆக வேண்டும். ஆனால் அலைன்மெண்ட் கடைகள் பெரும்பாலும் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருப்பிவிட்டு, திரையில் பச்சை வந்ததும் அனுப்பிவிடுகின்றன. அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு), டோ மூன்றும், வேலைக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டும். காஸ்டர் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. தாள் தர மறுத்தால் அங்கே பணம் கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது ஓர் அதிர்வு, சீட்டுக்கு அடியில் உறுமல் வந்தால் அது பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கோணம். நடு பேரிங்கை இறக்கிப் பொருத்த வேண்டும், அல்லது பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சரிவான தகடு வைக்க வேண்டும். டயர் பேலன்ஸ் என்று சொல்லி நாட்களைக் கடத்த விடாதீர்கள்.

டயர் உரசுமா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்திருக்கும்போது, அந்த அளவுச் சக்கரம் ஒன்றை மாட்டி, கீழ் ஆர்மை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கும் வரை உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பச் சொல்லுங்கள். உரசும் இடம் அங்கேயே தெரியும். தட்டையான தரையில் நிறுத்தித் திருப்பிக் காட்டுவது சோதனையே அல்ல. உரசலைத் தவிர்க்க, சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் வீல் ஸ்பேசரோ ஆஃப்செட் மாறிய ரிம்மோ தருகிறேன் என்றால், மட்கார்டின் முன் விளிம்பில் உரசல் கூடும், வீல் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

டயர் ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்தால், ஃபோர் வீல் டிரைவில் போட்டு ஓட்டும்போது சுழற்சியை முன்னும் பின்னும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும். புதிய டயரின் லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது.

அனுமதி விஷயத்தில் இடத்துக்கு இடம் சட்டம் மாறும். உயரத்துக்கும் டயர் விட்டத்துக்கும் பல நாடுகளில் வரம்பு உண்டு. எரிச்சலூட்டுவது, சான்று தரும் இடங்களில் பலவும் காகிதத்தைப் பார்த்து முத்திரை குத்துவதோடு நின்றுவிடுவது. பிரேக் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பவர் அரிது. ‘சான்றிதழும் நானே வாங்கித் தருகிறேன், வண்டி வர வேண்டாம்’ என்று இடைத்தரகர் சொன்னால் அந்தத் தாள் விபத்தன்று உதவாது. வேலை தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வேலை முடிந்து 100 கிலோமீட்டரில் வீல் நட்டையும், 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் யூ-போல்ட்டையும் ஆர்ம் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் அமர்ந்திருக்கும் என்பதால் அப்போதே அலைன்மெண்ட்டும் இன்னொருமுறை. ஹெட்லைட்டையும் இறக்கிவையுங்கள், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒப்பந்தம் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுத வையுங்கள்.