தை மாதம் கல்யாணம்: மகளின் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் டாக்டரான எனக்கு எழுதியிருக்கிறார். மகளுக்கு 22 வயது. 17 வயதில் வலிப்பு வந்ததிலிருந்து சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறாள், காலையில் 500 மில்லிகிராம், இரவில் 500. இரண்டரை வருடமாக வலிப்பு இல்லை. தை மாதம் கல்யாணம். "இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை பெற்றால் பிள்ளைக்கு ஊனம் வருமாம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒருவர் தரும் பொடியைக் கொடுத்தால் மூன்றே மாதத்தில் வேரோடு போய்விடும், மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விட வேண்டாம் என்கிறார் தரகர். ஒரு மாதப் பொடி வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்க மனசு வரவில்லை." கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: பள்ளிக்கூட நாட்களில் மகள் காலையில் காபி டம்ளரைக் கீழே போட்டுவிடுவாளாம், கவனமில்லை என்று அதற்காக அடித்தும் இருக்கிறாராம்.

அம்மா, மனசு வராமல் வைத்திருந்தீர்களே, நல்லது. பொடியைக் கொடுக்காதீர்கள். மாத்திரையை இன்று இரவும் வழக்கம்போலக் கொடுங்கள். திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பும். சிலருக்கு விடாமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். மாத்திரையை நிறுத்திப் பார்த்த பல குடும்பங்களை இந்த நிலைமையில்தான் நான் சந்திக்கிறேன்.

ஆனால் பிள்ளையைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது அதில் ஒன்று. மாத்திரை எதுவும் சாப்பிடாத தாய்மார்களிடம் இது 2, 3 பேருக்குத்தான். அது மட்டுமில்லை, வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மார்களின் 100 குழந்தைகளில் 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை என்று வளர்ச்சியில் ஏதாவது பின்னடைவு தெரிகிறது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். முதுகுத்தண்டு மூடும் வேலை கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று உங்கள் மகள் உங்களிடம் சொல்ல வரும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். அதனால்தான் இந்த மாற்றத்தைக் கல்யாணத்துக்கு முன்பே செய்ய வேண்டும் என்கிறேன்.

17 வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருடமாக மாதாமாதம் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நடவுக்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவர்களுக்குப் பதினைந்து நாள் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் டாக்டர்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லாததைத்தான் தரகரும் பொடிக்காரரும் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறார்கள்.

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இதுபோன்ற பெயரில்லாப் பொடிகளைச் சோதித்தபோது, அரைத்துக் கலந்த ஆங்கில வலிப்பு மாத்திரைகள், முக்கியமாக ஃபீனோபார்பிட்டோன், பலமுறை அகப்பட்டிருக்கின்றன. அதனால்தான் முதல் மாதம் "வேலை செய்கிறது". பெண் எந்நேரமும் தூங்கி வழிவாள், வலிப்பு வராது, வீடே பொடிக்காரரைக் கும்பிடும். பொடி தீர்ந்ததும் பழையதைவிட மோசமாக வரும். எவ்வளவு கலந்தார் என்று அவருக்கே தெரியாது, எங்களுக்கு எப்படித் தெரியும்? சிலவற்றில் ஈயமும் இருக்கிறது, ஈயமே வலிப்பைக் கொண்டுவரும். போன வருடம் ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். அவன் அம்மாவின் முந்தானையில் செய்தித்தாளில் மடித்த பதினோரு பொட்டலம். ஒன்றிலாவது மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் சீட்டு எழுதுவார், மருந்தின் பெயரைச் சொல்வார். குணசீலத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்கும் தடையில்லை. மாத்திரை டப்பா பையில் இருக்கட்டும்.

சரி, இரண்டரை வருடமாக வலிப்பே இல்லையே, மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் வராமலிருந்தால் பலருக்கு அப்படி முயன்று பார்ப்பது உண்டுதான். உங்கள் மகளுக்கு அது பொருந்துமா என்று தயங்குகிறேன். காரணம் அந்தக் காபி டம்ளர்.

காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெடுக்கென்று துள்ளும். பல் விளக்கும் பிரஷ் பறக்கும், சீப்பு விழும், டம்ளர் விழும். நினைவு தப்பாது, அதனால் யாரும் நோய் என்று நினைப்பதில்லை. பதின்ம வயதில் இப்படித் தொடங்கி, பிறகு ஒருநாள் முழு வலிப்பாக வரும் வகை ஒன்று இருக்கிறது. மாத்திரைக்கு அருமையாக அடங்கும். ஆனால் நிறுத்தினால், ஐந்து வருடம் கழித்து நிறுத்தினாலும், பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். "இரண்டு வருடக் கணக்கு" இவர்களுக்கு இல்லை. இதில் இன்னொரு சிக்கல்: இந்த வகையை மிக நன்றாக அடக்குவது வால்ப்ரோயேட்தான். மற்ற வகைகளுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமாசிபைனும் ஃபெனிட்டாயினும் இதில் துள்ளலை அதிகப்படுத்திவிடலாம். கடைக்காரர் "இதுவும் வலிப்பு மாத்திரைதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனை விட, காலையில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்வதும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையும்தான் உதவும்.

அதனால் நிறுத்துவது வேண்டாம், மாற்றுவோம். பெரும்பாலும் லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரைக்கு. பிறவிக் குறை பயம் இதில் மிகக் குறைவு. முதலில் புதியதைச் சேர்த்து, பிறகு பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் இறக்குவோம். சிலருக்கு இதில் எரிச்சல், கோபம், மனச்சோர்வு வரும், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்றும் மாதங்களில் ஒருமுறை வலிப்பு வந்துவிடவும் கூடும். தை வரை நாள் இருக்கிறது என்பதுதான் நமக்குச் சாதகம். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையைக் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறைய ஓடும் நேரத்தில் மாற்றப்போகிறோம். இந்த மாதங்களில் அவள் ஆற்றிலோ குளத்திலோ தனியாக இறங்கக் கூடாது. முழங்கால் தண்ணீர் போதும், வலிப்பு வந்தால் முகம் கவிழ்ந்துவிடும். ஆடிப்பெருக்குக்கு அவள் கரையில் நின்று கும்பிடட்டும், தண்ணீர் மொண்டு நீங்கள் ஊற்றுங்கள்.

அப்புறம் அந்த "மூச்சு விட வேண்டாம்". வலிப்பு இருந்தால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்ததை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். மறைத்துச் செய்தால்தான் பிறகு அது வேறு வழக்காகிப் போகும். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் மாமியார் வீட்டில் மாத்திரையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். முகூர்த்தம் விடிகாலை, முதல் நாள் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, மாத்திரையும் இல்லை. இந்த வகை வலிப்புக்கு இதைவிடச் சரியான தூண்டுதல் கிடையாது. மணவறையிலிருந்து நேராக என்னிடம் வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன், கையில் மருதாணி கூட மங்கவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், நானே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பத்து மணிக்குப் பெண்ணைத் தூங்க விடுங்கள்.

அடுத்த வாரமே தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, பழைய இ.இ.ஜி. இருந்தால் அதுவும் வேண்டும். டம்ளர் விழுந்த கதையை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வாங்கி வைத்த பொடியையும் பிரிக்காமல் எடுத்துப் போங்கள்.