டிஸ்சார்ஜ் ஆன கடனைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன வருடம் சாப்டர் 7 திவால் மனு போட்டு டிஸ்சார்ஜ் உத்தரவும் (பழைய கடன்களை இனிக் கட்ட வேண்டியதில்லை என்ற நீதிமன்ற உத்தரவு) வாங்கிவிட்டேன். பழைய கிரெடிட் கார்டு பாக்கியைக் கேட்டு ஒரு வசூல் ஏஜென்சி இப்போது போன் செய்தது. பதறிப்போய், மாதம் 75 டாலர் தருவதாக ஆன்லைனில் கையெழுத்துப் போட்டு வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்துவிட்டேன். நண்பர் ஒருவர் கடனாகக் கொடுத்த 6,000 டாலரும் அதே டிஸ்சார்ஜில் போய்விட்டது. அதுதான் உறுத்துகிறது.

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். அந்தக் கையெழுத்து செல்லாது. திவாலில் அடங்கிய கடனை மறுபடி ஏற்றுக்கொள்ள அமெரிக்கச் சட்டத்தில் ஒரே வழிதான் உண்டு: ரீஅஃபர்மேஷன் ஒப்பந்தம். அதை டிஸ்சார்ஜுக்கு முன்பே போட்டு, நீதிமன்றத்திலும் தாக்கல் செய்திருக்க வேண்டும். அப்படிப் போட்டவர்கூட டிஸ்சார்ஜ் வரும்வரை, அல்லது தாக்கலான 60 நாட்களுக்குள், இதில் எது பிந்தியதோ அதுவரை மனம் மாறலாம். இவ்வளவு காவல் வைத்த சட்டம், பதற்றத்தில் போட்ட கையெழுத்துக்கு மதிப்புக் கொடுக்காது. ஒன்றிரண்டு தவணை கட்டியிருந்தாலும் மீதிக் கடனுக்கு உயிர் வராது.

ஆனால் கணக்கு எண் அவர்களிடம் இருக்கிறதே, அதுதான் அவசரம். அடுத்த தவணைக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே வங்கியிடம் சொல்லிப் பணம் போவதை நிறுத்துங்கள். ஏஜென்சிக்கு டிஸ்சார்ஜ் உத்தரவின் நகலோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள். அப்புறமும் கேட்டால் உங்கள் திவால் வழக்கறிஞரிடம் போங்கள். டிஸ்சார்ஜ் ஆன கடனை வசூலிக்க முயல்வது நீதிமன்றத் தடையை மீறுவது.

கார் லோன் இருந்தால் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடன் உங்கள் தலையிலிருந்து இறங்கினாலும் கார் மீதான அடமானம் நிற்கும். கட்டாவிட்டால் வண்டியை எடுத்துப் போகலாம்.

சரி, நண்பர். விரும்பிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நானாக இருந்தால் கொடுப்பேன். கார்டு கம்பெனி நஷ்டத்தையும் கணக்குப் போட்டுத்தான் வட்டி வாங்கியது. உங்கள் நண்பர் உங்களை நம்பி மட்டுமே கொடுத்தார். ஆனால் மூன்று மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை பொறுங்கள். தேதி போட்டு வாக்கும் கொடுக்காதீர்கள், இன்னொரு தடவை சொல் தவறினால் அவருக்கும் வலிக்கும். இன்றைக்கே போன் செய்து, மறக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.