முதுகுக்கு எந்த பெல்ட்? வாசகர் கேள்விகள்

(மதுரையில் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளாக பிரேஸ் பொருத்தி வரும் ஆர்த்தோட்டிஸ்ட், இந்த இதழில் முதுகெலும்பு பிரேஸ் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கொழுந்தன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் எல்1 என்ற இடுப்பு முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், ஏ.எஸ்.எச். பிரேஸ் போட்டு நடக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சர்ஜிக்கல்ஸ் கடையில் அது இல்லையாம். பெரிய எல்.எஸ். பெல்ட்டைக் கொடுத்து, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்கிறார்கள். போடலாமா?
வாசகி, பொள்ளாச்சி

பதில்: போடாதீர்கள். பில் இருக்கிறதல்லவா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியான பிரேஸ் வரும்வரை எழுந்து உட்காரலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

மரத்திலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் பாதத்திலோ பிட்டத்திலோதான் வந்து இறங்குகிறார்கள். அந்த அடி மேலே ஏறி, விறைப்பான விலாக்கூடு முடிந்து நெகிழும் இடுப்பு தொடங்குகிற சந்தியில் போய் இறங்கும். அதனால்தான் டி12 (விலாக்கூட்டுப் பகுதியின் கடைசி முதுகெலும்பு), எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு) என்ற இரண்டு பெயர்களையே எங்கள் வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். (குதிகாலில் வலி இருந்தால் அதற்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே உடைவது உண்டு.)

முன்பக்கம் நசுங்கிய எலும்புக்கு ஆகாதது குனிவது. ஏ.எஸ்.எச். பிரேஸ் அதைத்தான் தடுக்கிறது. முன்னால் ஓர் அலுமினியச் சட்டம். அதன் மேல் திண்டு மார்பெலும்பிலும் கீழ்த் திண்டு அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்புக்குச் சற்று மேலும் அழுத்தும். பின்னாலிருந்து ஒரு பட்டை முதுகை முன்னோக்கித் தள்ளும். இப்படி மூன்று இடத்தில் பிடித்தால்தான் குனிய முடியாது. எல்.எஸ். பெல்ட்டோ வயிற்றை இறுக்கி கீழ் இடுப்பைத் தாங்குவதோடு சரி. உங்கள் கொழுந்தனுக்கு உடைந்த இடம், அந்த பெல்ட்டின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் வரும். அதற்கு மேலே பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பிரேஸ் வந்ததும் அவரை உட்கார வைத்துப் பாருங்கள். மேல் திண்டின் விளிம்பு தொண்டைக்குழிக்கு அரை அங்குலமாவது கீழே நிற்க வேண்டும். உட்காரும்போது அது தொண்டையில் இடித்தாலோ, கீழ்த் திண்டு தொடையில் குத்தினாலோ சட்டத்தின் நீளத்தை மாற்ற வேண்டும். அதற்குத்தான் அதில் திருகு வைத்திருக்கிறார்கள். பலர் அந்தத் திருகைத் தொடுவதே இல்லை, பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே மாட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: எங்களுடையது 40 படுக்கை உள்ள மருத்துவமனை. முதுகெலும்பு நோயாளிகளுக்காக ரெடிமேட் பிரேஸ் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். எந்த வகை, எந்த சைஸ்?
நர்ஸிங் சூப்பிரண்டு, ராஜபாளையம்

பதில்: முதலில் ஒரு நல்ல அளவு டேப் வாங்குங்கள் சிஸ்டர். கிண்டல் இல்லை. ‘ஆள் குண்டு, எக்ஸ்எல் அனுப்புங்க’ என்று வார்டிலிருந்து போன் வருவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். ஒரு கம்பெனி தொப்புள் மட்டத்துச் சுற்றளவைக் கேட்கும், இன்னொன்று பிட்டத்துச் சுற்றளவைக் கேட்கும். ஒருவரின் ‘லார்ஜ்’ இன்னொருவரின் ‘மீடியம்’. எந்தப் பெட்டியோ அந்தப் பெட்டியின் அட்டவணையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். பேன்ட் சைஸைக் கேட்டு எழுதிக்கொள்வது அளவெடுப்பது ஆகாது.

இன்னொன்று. முதுகு உடைந்தவர்களுக்கு முதல் ஓரிரு நாள் குடல் அசைவு குறைந்து வயிறு உப்பியிருக்கும். அன்றைக்கு எடுத்த அளவுக்கு வாங்கினால், வயிறு வாடியதும் பிரேஸ் தொளதொளவென்று சுற்றும். அளவை எழுதும்போது வயிறு உப்பியிருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை எழுதி வையுங்கள்.

வகைக்கு வருகிறேன். எல்.எஸ். பெல்ட் மீடியம், லார்ஜ், எக்ஸ்எல். டெய்லர் பிரேஸ் (பின்னால் இரண்டு கம்பியும் தோள்பட்டை வாரும் உள்ளது) மீடியம், லார்ஜ். ஏ.எஸ்.எச். பிரேஸ் மீடியம், லார்ஜ். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு போதும். மிச்சத்தைப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருகிற கடையோடு பேசி வையுங்கள். ஒருவர் உடம்பில் போட்டதைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

டாக்டர் சீட்டில் ‘பிரேஸ்’ என்று மட்டும் இருந்தால் விடாமல் கேளுங்கள். எந்த எலும்பு? எந்த அசைவை நிறுத்த வேண்டும்? படுத்தே மாட்ட வேண்டுமா, உட்கார்ந்து மாட்டலாமா? எங்கள் வார்டில் இதற்கென்றே ஒரு சின்னச் சீட்டு அடித்து வைத்திருக்கிறேன். அது நிரம்பாமல் வந்தால் அலமாரியைத் திறப்பதில்லை. ஆரம்பத்தில் டாக்டர்கள் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

ரெடிமேட் ஒத்துவராதவர்கள் உண்டு. முறிவு நிலையாக இல்லாதவர்கள், முதுகு கோணலாக உள்ளவர்கள், மிகவும் பருத்த உடம்புக்காரர்கள். எல்லாரையும்விட முக்கியம், இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர்கள். திண்டு அழுத்தினால் அவர்களுக்குத் தெரியாது, புண்ணாகித்தான் தெரியவரும். இவர்களுக்கு மாவுக்கட்டில் அச்செடுத்து பிளாஸ்டிக்கில் செய்வதே நல்லது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த ஆர்த்தோட்டிஸ்டிடம் அனுப்புங்கள். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. எலும்புத் தேய்மானத்தில் முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. டெய்லர் பிரேஸ் போட்டால் மூச்சு முட்டுகிறது, குத்துகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்.
வாசகர், திண்டுக்கல்

பதில்: அம்மா சொல்வதை நம்புங்கள். எங்கே குத்துகிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் குற்றவாளி பிரேஸ் அல்ல, உள்ளே இருக்கும் பாவாடை நாடாவின் முடிச்சு! பெல்ட் இறுக்க இறுக்க முடிச்சு வயிற்றில் பதியும். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன், அதன்மேல் பிரேஸ், அதற்கும் மேல் நைட்டி. வீட்டில் இருக்கும்வரை புடவையை மறந்துவிடலாம்.

அக்குளில் அறுக்கிறதென்றால் தோள்பட்டை வாரை அதிகம் இழுத்திருப்பீர்கள். கூன் விழுந்த முதுகை அந்த வாரால் நிமிர்த்த முயல வேண்டாம். பின்னால் உள்ள இரண்டு கம்பிகளையும் அவருடைய முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் செய்ய மாட்டார், ஆர்த்தோட்டிஸ்ட் செய்வார். கழற்றியதும் தோலைப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம்.

டெய்லர் பிரேஸ் 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் டாக்டர் சார்லஸ் டெய்லர், முதுகெலும்புக் காசநோய்க்காக உருவாக்கியது. வயதானவர்களின் எலும்புத் தேய்மானத்தை மனதில் வைத்துச் செய்ததல்ல. வலி குறையக் குறைய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்புக்கான மருந்து தொடங்கியாயிற்றா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிரேஸ் எலும்பை வலுவாக்காது.

கேள்வி: 13 வயது மகளுக்கு முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஆன்லைனில் ‘பாஸ்ச்சர் பெல்ட்’ வாங்கலாமா?
வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். அது தோளைப் பின்னால் இழுக்கும், வளைவை ஒன்றும் செய்யாது. ஸ்கோலியோசிஸ் (இந்தப் பக்கவாட்டு வளைவு) பிரேஸை எக்ஸ்ரே பார்த்து, அழுத்த வேண்டிய இடத்தில் திண்டு வைத்துச் செய்ய வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். நாளுக்குச் சுமார் 13 மணி நேரமாவது போட்டவர்களுக்கே நல்ல பலன். அதனால் பள்ளிக்கும் போட்டுப் போக மகள் சம்மதிப்பாளா என்று முதலில் அவளிடம் பேசுங்கள்.

கேள்வி: எனக்கும் பக்கத்து பெட்காரருக்கும் ஒரே மாதிரி எல்1 முறிவு. அவருக்கு பிரேஸ் கொடுத்தார்கள். என்னிடம், ‘உங்களுக்கு வேண்டாம், நடங்கள்’ என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டுவிட்டாரோ?
வாசகர், சேலம்

பதில்: அப்படி நினைக்காதீர்கள். நரம்பு பாதிக்காத, நிலையான முறிவுள்ள 96 பேரை வைத்து கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூன்று மாதம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. என் பிழைப்புக்கு இது நல்ல செய்தி அல்ல, ஆனால் உண்மை. பக்கத்து பெட்காரரின் எக்ஸ்ரேயில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். நின்ற நிலையில் எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.