மருத்துவமனைக் கப்பலில் சுகாதார அலுவலருக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் கமிஷன்டு கோர் எனப்படும் சீருடைப் பிரிவில் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலராக இருக்கிறேன். அமெரிக்கக் கடற்படை நடத்தும் மருத்துவ உதவிப் பயணமான பசிபிக் பார்ட்னர்ஷிப்பின் அடுத்த சுற்றுக்கு வர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். கப்பல் முழுக்க அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும்தான் இருப்பார்கள் என்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கி என்னைப் போன்றவர் உருப்படியாக என்ன செய்ய முடியும்? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "இதெல்லாம் விளம்பரப் பயணம்" என்கிறார். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் விளம்பரம் என்று சொன்னவரை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மெர்சி என்ற மருத்துவமனைக் கப்பல் இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்கு நிவாரணத்துக்குப் போனது. பொதுச் சுகாதாரச் சேவை அலுவலர்களும் அதில் இருந்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2006இல் தொடங்கியதுதான் பசிபிக் பார்ட்னர்ஷிப். லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பக்கம் கன்டினியூயிங் பிராமிஸ் என்ற பெயரில் இதே வகைப் பயணங்கள் நடக்கின்றன. நாடுகளோடு உறவை வளர்ப்பது, பேரிடர் வந்தால் யாரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது, சொந்த மருத்துவக் குழுவைப் பழக்குவது ஆகியவற்றைக் கடற்படையே வெளிப்படையாக நோக்கங்களாகச் சொல்கிறது. ஆகவே இது அரசுறவுப் பணிதான். அதைத் தெரிந்துகொண்டு ஏறுகிறவர் ஏமாற மாட்டார். புகைப்படக்காரர் வராத இடத்தில்தான் உங்கள் வேலை இருக்கப்போகிறது என்பதால், விளம்பரம் உங்களைப் பெரிதாகத் தொந்தரவும் செய்யாது.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெர்சியும் அதன் இணையான கம்ஃபர்ட்டும் எண்ணெய்க் கப்பல்களாகப் பிறந்து 1980களில் மருத்துவமனைகளாக மாற்றப்பட்டவை. நீளம் 272 மீட்டர். ஆயிரம் படுக்கை, 12 அறுவை அரங்குகள். கேட்க மலைப்பாக இருக்கும். உங்களுக்கு முக்கியமானது வேறு: இவ்வளவு பெரிய கப்பல் பல சிறு துறைமுகங்களுக்குள் நுழையவே முடியாது. கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு, ஆட்களையும் பொருட்களையும் படகிலோ ஹெலிகாப்டரிலோதான் இறக்குவார்கள். கடல் பொங்கினால் அன்றைய படகுப் போக்குவரத்து ரத்து. பன்னிரண்டு நாள் என்று காகிதத்தில் இருந்தாலும், முதல் நாள் வரவேற்பிலும் கடைசி நாள் விடைபெறும் விழாவிலும் போய்விடும். கையில் எட்டு நாள் இருப்பதாக வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். கருவிப் பெட்டி, படகிலிருந்து நீங்களே ஒரு கையில் தூக்கி இறங்கக்கூடிய எடையில் இருக்கட்டும்.

கப்பலை ஓட்டுபவர்கள் குடிமை மாலுமிகள். உள்ளே இருக்கும் மருத்துவமனையை நடத்துவது கடற்படை. நீங்கள் இரண்டிலும் சேராத சீருடைக்காரர். உங்கள் தோள்பட்டையிலும் கடற்படைப் பதவிச் சின்னங்கள்தான் இருக்கும், பெயர்களும் அவையே. அதனால் லெப்டினன்ட் கமாண்டர் என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் அன்றாடம் யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள், யாரிடம் அறிக்கை கொடுக்கிறீர்கள் என்பது தானாகத் தெளிவாகிவிடாது. கப்பலின் நோய்த்தடுப்பு மருத்துவக் குழுவோடு உங்களை இணைக்கும்படி கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆள் குறையும் இடத்துக்கெல்லாம் உங்களை அனுப்புவார்கள். மூக்குக்கண்ணாடி வழங்கும் மேசையில் வரிசையை ஒழுங்குபடுத்தியே பயணம் முடிந்துவிடும். இன்னொன்று: ஆயுதப் படையோடு பணிக்கு இணைக்கப்பட்டிருக்கும் காலத்தில் ராணுவ நீதிச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். இதைப் பலர் கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இனி வேலை.

கரையில் ஒரு பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மருத்துவ முகாம் போடுவார்கள். பொழுது விடியுமுன்பே வரிசை நின்றுவிடும். வரிசையைப் பார்த்ததும் அதில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கு எல்லாரையும் பிடித்துக்கொள்ளும். மாலைக் கூட்டத்தில் அந்த எண்ணைத்தான் திரையில் காட்டுவார்கள். அறுவை மருத்துவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கண்புரை எடுத்தால் பார்வை வருகிறது. குடலிறக்கத்தைச் சரிசெய்தால் ஒருவர் வேலைக்குத் திரும்புகிறார். ஆனால் முகாமில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்து அனுப்பினால், இரண்டாம் மாதம் அவர் எங்கே போவார்? உங்களுக்கோ அந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. உங்கள் நோயாளி அந்த வரிசையில் இல்லை. அந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலகம்தான் உங்கள் நோயாளி. நீங்கள் பார்க்க வேண்டியவர், அங்கே ஒரு பழைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்.

அவருக்கு ஊரின் ஒவ்வொரு கிணறும் தெரியும். எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் கலங்கும், எந்த உணவகத்துக்குள் நுழைய எந்த அரசியல்வாதி விடமாட்டார் என்பதும் தெரியும். அவரிடம் இல்லாதது பெரும்பாலும் சோதனைக்கான ரசாயனமும் வண்டிக்கான பெட்ரோலும்தான். "உங்களுக்குப் பயிற்சி தர வந்திருக்கிறோம்" என்று தொடங்கினால் மரியாதையாகத் தலையாட்டுவார், தேநீர் தருவார், அத்தோடு சரி. "உங்கள் பகுதியில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பயணத்துக்கு முன்பே, திட்டமிடல் கூட்டங்கள் நடக்கும்போதே, அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வழியாக அனுப்பிவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வருகிற பதிலிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குடிநீர், கொசு, உணவுப் பாதுகாப்பு, மருத்துவக் கழிவு என்று நான்கையும் எட்டு நாளில் தொட்டால் நான்கிலும் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

குடிநீரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து, லிட்டருக்கு குறைந்தது 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். வீட்டுக் குழாயை எட்டும்போது 0.2க்குக் கீழே இறங்கக் கூடாது. இது நீங்கள் படித்ததுதான். களத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரினைக் கொட்டிப் பயனில்லை. முதலில் கலங்கலை அளந்து, தேவையானால் தெளியவைக்க வேண்டும். குளோரின் சோதனைக்கான டிபிடி (DPD) மாத்திரையைப் போட்டதும் இளஞ்சிவப்பு வரவில்லை என்றால் குளோரின் இல்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். குளோரின் மிதமிஞ்சி இருந்தாலும் அது நிறத்தையே வெளுத்துவிடும். சோதனைக் குழாயில் ஒரு கணம் சிவப்பு தோன்றி மறைந்ததா என்று உற்றுப் பாருங்கள். சந்தேகம் வந்தால், குளோரின் இல்லாத நீரை அளந்து ஊற்றி மாதிரியை நீர்க்கவைத்து மறுபடி சோதியுங்கள். இதை நம்பாமல், குளோரின் இல்லை என்று நினைத்து இன்னும் ஒரு வாளி பிளீச்சிங் கரைசலைத் தொட்டியில் ஊற்றுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கான சோதனைக்கு நேரம்தான் எதிரி. மாதிரியைக் குளிரில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சோதனையில் ஏற்ற வேண்டும். பிறகு இன்குபேட்டரில் கிட்டத்தட்ட ஒரு நாள். படகு வராமல் கரையில் மாட்டிக்கொண்டால் மாதிரி வீண். எனவே எடுத்துச் செல்லத்தக்க இன்குபேட்டரைக் கரையிலேயே, ஆய்வாளரின் அலுவலகத்திலேயே வையுங்கள். தட்டில் வளர்ந்த புள்ளிகளை அவரே எண்ணட்டும். கடைசி இரண்டு நாளில் புதிதாக மாதிரி எடுக்காதீர்கள். முடிவைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் செய்ய நேரமிருக்காது, கெட்ட செய்தியை மட்டும் விட்டுவிட்டு வந்தவர்கள் ஆவீர்கள்.

முடிவை யாரிடம் முதலில் சொல்வது என்பதும் சின்ன விஷயமில்லை. ஆய்வாளருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். "மருத்துவமனைத் தொட்டியில் மலக்கிருமி" என்ற செய்தி கப்பலின் மாலைக் கூட்டம் வழியாகத் தூதரகத்துக்குப் போய், அங்கிருந்து அமைச்சகத்துக்கு வந்து, அங்கிருந்து அவர் தலையில் விழுந்தால், அந்த மனிதர் இனி எந்த வெளிநாட்டுக் குழுவையும் தன் கிணற்றுப் பக்கம் விடமாட்டார்.

தடுப்பூசிக் குளிர்ப்பதனம்தான் கவலை என்று அவர்கள் சொன்னாலும் நல்ல வேலையே. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று சுவரில் எழுதியிருக்கும். எல்லாரும் வெப்பத்துக்கே பயப்படுவார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் முத்தடுப்பு ஊசியும் (DPT) உறைந்தால் கெட்டுவிடும் என்பது பல இடங்களில் கண்டுகொள்ளப்படுவதில்லை. பெட்டியின் உள்சுவரை ஒட்டியிருக்கும் குப்பிகளை முதலில் பாருங்கள்.

விட்டுவிட்டு வரும் பொருட்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அந்நாட்டுச் சந்தையில் ரசாயனம் கிடைக்காத கருவியைப் பரிசாகக் கொடுப்பது, சாவியில்லாத பூட்டைக் கொடுப்பது மாதிரி. மருந்து நன்கொடைக்கு உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும், பெறுபவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் மூலப்பெயரோடு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். மிச்சமானதையெல்லாம் கடைசி நாள் பெட்டியில் போட்டு இறக்கிவிடும் பழக்கத்தைக் கண்டால் தடுக்கப் பாருங்கள். அவற்றைப் பாதுகாப்பாக அழிக்கும் செலவு அந்த ஊரின் தலையில்தான் விழும்.

உங்கள் குழுவின் கழிவுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஒப்படைக்காவிட்டாலும். 2010 அக்டோபரில் ஹைட்டியில் காலரா பரவியது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக அங்கே காலரா பதிவானதில்லை. மிர்பலே அருகே இருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து, அது ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் படுகை முழுவதும் இறங்கியது. சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. உதவிக்குப் போனவர்களால் வந்த வினை. முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள். கழிப்பறை எத்தனை, கை கழுவத் தண்ணீர் எங்கே, ஊசிகளும் ரத்தம் பட்ட பஞ்சும் எங்கே போகின்றன என்பதை முகாம் தொடங்குவதற்கு முந்தைய நாளே போய்ப் பாருங்கள். வரிசைக்கு நிழலும் குடிநீரும் வேண்டும். மயங்கி விழும் முதியவரைக் காப்பாற்றுவதைவிட ஒரு தார்ப்பாய் கட்டுவது எளிது.

உங்கள் உடம்பைப் பற்றி. 2003இல் லைபீரியாவில் கரையிறங்கிய 290 அமெரிக்கத் துருப்பினரில் 80 பேருக்கு மலேரியா வந்தது. மருந்து அவர்களிடம் இருந்தது, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பயணத் திட்டத்தில் மலேரியா உள்ள தீவு ஒன்று இருந்தாலும் தடுப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்; கப்பலுக்குத் திரும்பிய பிறகும் சொன்ன காலம்வரை தொடருங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால், சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் விட்டு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். எந்த மருந்து உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கப்பல் மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் தடுப்பூசிகள், உடற்தகுதி, தொழில் உரிமம் மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டியலிலிருந்து பெயர் விழுவது பெரும்பாலும் இத்தகைய அற்பக் காரணங்களால்தான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. 2018இல் மெர்சி திருகோணமலைக்குப் போனது. அப்படி ஒரு நிறுத்தம் மறுபடி வந்தால், உங்களுக்குத் தமிழ் தெரியும் என்ற செய்தி கப்பல் முழுக்க ஒரே நாளில் பரவிவிடும். எல்லா மருத்துவரும் உங்களை மொழிபெயர்ப்புக்கு இழுப்பார்கள். அவசரத்துக்கு உதவுங்கள், ஆனால் உங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள்; ஆய்வாளரோடு அவர் மொழியிலேயே உட்கார்ந்து பேசும் வாய்ப்பு குழுவில் வேறு யாருக்கும் கிடைக்காது. மற்ற நாடுகளில் மொழிபெயர்ப்பாளரை முதல் நாளே தனியாகச் சந்தித்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் தொழில்சொற்களை ஒருமுறை பேசிப் பாருங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒப்படைப்புக் குறிப்பை எழுதி முடியுங்கள். இரண்டு பக்கம் போதும்: எந்தெந்த இடத்தில் மாதிரி எடுத்தோம், என்ன வந்தது, எதைச் சரிசெய்தோம், எது மிச்சம், ரசாயனம் தீர்ந்தால் எங்கே வாங்குவது. அவர்கள் மொழியில் ஒரு பிரதி, ஆய்வாளர் கையில். கப்பலுக்கான அறிக்கையில், அடுத்த முறை வருபவர் தொடர்புகொள்ள வேண்டியவராக அவர் பெயரையும் பதவியையும் அவர் சம்மதத்தோடு குறிப்பிடுங்கள். இந்தப் பயணங்களில் ஒரே நாட்டுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போவது வழக்கம். அப்போது போகிற அலுவலர் மறுபடி முதலிலிருந்து கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

உங்கள் மேலதிகாரி விடுவிக்கத் தயங்கினால், எத்தனை வாரம், யார் உங்கள் வேலையைப் பார்ப்பார் என்ற இரண்டுக்கும் பதிலோடு போய்க் கேளுங்கள். முழுப் பயணத்துக்கும் போக வேண்டும் என்பதில்லை. இடையில் ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். முதல் முறைக்கு நான் சொல்வது அதைத்தான்.