நாத்தனாரை டவுன்லைனில் சேர்க்கலாமா?

கேள்வி: தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எட்டு மாதமாகப் பகுதி நேரத்தில் நேரடி விற்பனை மூலம் சமையல் பாத்திரங்கள் விற்கிறேன். மாதக் கடைசிக்குள் எனக்குக் கீழே, அதாவது டவுன்லைனில், ஓர் ஆளைச் சேர்த்தால் அடுத்த நிலைக்குப் போகலாம் என்கிறார் என்னைச் சேர்த்துவிட்ட அப்லைன் அக்கா. வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் என் நாத்தனார் சேரத் தயார். தொடக்கத் தொகுப்பின் விலை 1,500 ரிங்கிட். ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப்பில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறாளாம். சேர்க்கலாமா? – வாசகி, பிறை, பினாங்கு

பதில்: சகோதரி, அந்த 1,500 ரிங்கிட்டைத் தொடாமல் சேர்க்க வழியிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

முதலில் உங்கள் கணக்கைப் பாருங்கள். மாதம் 1,800 ரிங்கிட்டுக்கு விற்று, அதில் 25 விழுக்காடு உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். அது 450. பெட்ரோல், பாலத்து டோல், சமைத்துக் காட்ட வாங்கிய கோழியும் காய்கறியும், தவணை சொல்லி இழுத்தடித்தவர்களின் பாக்கி, இதெல்லாம் போக 210 நிற்கிறது என்றால், அதற்கு எத்தனை மணி நேரம் அலைந்தீர்கள்? முப்பது மணி என்றால் மணிக்கு 7 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் உயர்ந்த குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8.72. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு நோட்டில் செய்து, அதை நாத்தனாரிடம் காட்டுங்கள். காட்டத் தயங்கினால், அவளைச் சேர்க்கும் நேரம் இன்னும் வரவில்லை.

அப்புறம், யாரிடம் விற்பாள்? உங்கள் மாமியார் வீட்டுச் சொந்தங்கள்தான் அவளுக்கும் சொந்தங்கள். நீங்கள் ஏற்கெனவே குக்கர் விற்ற வீட்டில் அவள் என்ன விற்க முடியும்? பாத்திரம் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். அவளுக்கென்று தனி வட்டம், பழைய வேலையிடத்துத் தோழிகளோ அடுக்குமாடி அண்டை வீட்டாரோ, இருந்தால்தான் இது கூடுதல் வியாபாரம். இல்லாவிட்டால் உங்கள் விற்பனையையே இரண்டாகப் பிரிக்கிறீர்கள். அவள் 1,000 ரிங்கிட்டுக்கு விற்று உங்களுக்கு 5 விழுக்காடு வந்தால், கையில் கிடைப்பது 50.

மூன்றாம் கணக்கு பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2024 மே 11 முதல், மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அந்தக் கணக்கில் சேர்கிறது. அவளுக்கோ இப்போது சம்பளம் இல்லை, புதிய சந்தாவும் இல்லை. எடுத்தால் திரும்ப நிரம்பாது, லாப ஈவும் போகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய் எடுக்க வேண்டிய பணம் அது. அதைச் சட்டி, பானையாக அலமாரியில் அடுக்க விடாதீர்கள்.

தொகுப்பு வாங்காமல் பதிவு மட்டும் செய்யலாமா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். முடியும் என்றால், முதல் மூன்று மாதம் அவள் ஸ்டாக் வைக்க வேண்டாம். ஆர்டர் வாங்கி வரட்டும், பணம் வந்த பிறகு பொருளை எடுங்கள்.

நிறுவனத்தின் உரிமத்தையும் பாருங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு தரும் நேரடி விற்பனை உரிம எண் (ஏஜேஎல்) இருக்க வேண்டும். பொருள் விற்றதற்குக் கமிஷன் கிடைப்பது சரி. ஆள் சேர்த்ததற்கே பணம் என்றால், 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்ட எதிர்ப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அங்கிருந்து நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். கமிஷன் வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவும் மறக்காதீர்கள்.

மாதக் கடைசி நெருங்கும்போது, நாத்தனார் பெயரில் நீங்களே பணம் கட்டிவிடலாம் என்று யோசனை வரும். கட்டாதீர்கள். அடுத்த மாதமும் அந்த நிலையைத் தக்கவைக்க மறுபடி கட்ட வேண்டிவரும். அப்லைன் அக்காவிடம், “இந்த மாசம் முடியாது அக்கா, அவ முதல்ல என்கூட நாலு வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்” என்று நேராகவே சொல்லுங்கள்.